அப்பா சொன்ன காரணம்

கல்லூரி இரண்டாம் ஆண்டில், தேர்வு எழுதிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு முதல் முறையாக வலிப்பு வந்தது. கண் விழித்தபோது நாக்கு கடிபட்டு வாயெல்லாம் ரத்தம். சுடிதார் நனைந்திருந்தது. யாரோ ஒரு தோழி தன் துப்பட்டாவை என்மேல் போர்த்தியிருந்தாள்.

மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றார் மதுரை டாக்டர். அந்த மாத்திரை என்னைப் பகலெல்லாம் தூக்கத்திலேயே வைத்திருந்தது. நேற்றுப் படித்த பக்கம் இன்று புதிதாக இருக்கும். அந்த வருடம் சில பாடங்களில் அரியர். தேறியவற்றிலும் தட்டுத்தடுமாறி வாங்கிய மார்க்தான்.

வெளியே யார் கேட்டாலும் "ரத்தம் கம்மி" என்று சொல்லச் சொன்னாள் அம்மா. தளவாய்புரத்துக் கம்பெனி ஒன்றுக்கு அவள் வீட்டிலிருந்தே நைட்டி தைத்துக் கொடுத்தாள். தைக்கிற பெண்கள் வந்து போகிற வீடு.

"ஒருத்தி காதுல விழுந்தாப் போதும், ராஜபாளையம் பூராவும் தெரிஞ்சிரும். ஒங்க அக்காளுக்கு இன்னும் கல்யாணம் ஆகலட்டி" என்பாள்.

மூன்றாம் ஆண்டில் மருந்தை மாற்றினார்கள். தலை தெளிந்தது. அரியர்களை முடித்து, கடைசி செமஸ்டரில் வகுப்பில் இரண்டாவதாக வந்தேன். ஆனால் மொத்தமாகக் கூட்டிப் பார்த்தபோது அந்த நடு வருடம் எல்லாவற்றையும் கீழே இழுத்துவிட்டது. அரசு சட்டக் கல்லூரியில் டிகிரி மார்க்கை வைத்துத்தான் இடம். ஏன் குறைந்தது என்று அங்கே கேட்க ஆளில்லை. தரவரிசையில் நான் எங்கோ அடியில் கிடந்தேன்.

அந்தச் சமயம் அக்காவுக்குச் செட்டியார்பட்டியில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா, தனியார் சட்டக் கல்லூரி ஒன்றில் தனக்கு ஆள் தெரியும் என்று அவராகவே வந்து சொன்னார். வேண்டாம் என்று சொல்ல முடியுமா? அவரும் அப்பாவும் நானும் போனோம். என் உடம்புக்கு என்ன வந்தது, இப்போது எப்படி இருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் மனதுக்குள் சொல்லிப் பார்த்தபடியே போனேன். முதல்வரை நானும் அப்பாவும் மட்டும்தான் பார்ப்போம் என்று நினைத்திருந்தேன். சித்தப்பாவும் உள்ளே வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

முதல்வர் மார்க் ஷீட்டுகளைப் புரட்டினார்.

"முதல் வருஷம் நல்லா இருக்கு, கடைசியும் நல்லா இருக்கு. நடுவுல என்னம்மா ஆச்சு?"

குரலில் கண்டிப்பே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"படிக்கல சார். எந்நேரமும் செல்லுலயே கெடந்தா. கூட்டாளிகளும் சரியில்ல."

அப்பா மில்லில் ஃபிட்டர். அவர் பொய் பேசி நான் கேட்டதே இல்லை. மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இந்தக் காலத்துப் பிள்ளைக எல்லாம் இப்படித்தான்" என்று சித்தப்பா சிரித்தார்.

"அப்பா சொல்றது சரியாம்மா?"

"ஆமா சார்" என்றேன்.

இடம் கிடைக்கவில்லை.

திரும்பும்போது, வேலை இருக்கிறதென்று சித்தப்பா மதுரையிலேயே இறங்கிக்கொண்டார். பஸ் கிருஷ்ணன்கோவிலைத் தாண்டியது. "தாயி, எம்மேல கோவமா?" என்றார் அப்பா.

"இல்லப்பா."

"அவரப் பக்கத்துல வச்சிக்கிட்டு நான் எப்பிடிச் சொல்லுவேன்?"

துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா கல்யாணம் நன்றாக நடந்தது. அடுத்த வருடமும் அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பித்தேன், கிடைக்கவில்லை. இன்னொரு முதல்வர் முன்னால் அப்பாவை உட்கார வைக்க எனக்கு மனமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் பக்கம் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். என்னைவிட இளைய பெண்கள் கறுப்பு கோட்டோடு வந்து, "அக்கா, சீக்கிரம்" என்று மனுவை வாங்கிக்கொண்டு ஓடுவார்கள். வாசல்வரை அவர்களைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பக்கத்தை அடிப்பேன்.

போன மாதம் அக்கா வீட்டுக்காரர் ஒரு நில விஷயமாக ஆபீசுக்கு வந்தார். நான் மாத்திரை போடுவதைப் பார்த்து, எதற்கு என்று கேட்டார். மறைத்து மறைத்து எனக்கும் அலுத்துவிட்டது. சொல்லிவிட்டேன்.

"இதையா மறைச்சிய? எங்க மதினிக்கும் உண்டும்மா. சித்தப்பாதான் மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி வைத்தியம் பாத்தாக. அன்னைக்கே சொல்லியிருந்தா, அவியளே ஒனக்காகப் பேசியிருப்பாகளே!"

நல்ல மனதோடுதான் சொன்னார். "செத்த இருங்க அத்தான், வாரேன்" என்று உள்ளே போய், பிரிண்டர் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றேன். துடைக்கத் துடைக்கக் கண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

அன்று வீட்டில் அப்பா சாப்பிடும்போது கேட்டார்: "மாப்பிள்ள வந்திருந்தாராமே, என்ன சொன்னாரு?"

நான் என்ன சொல்வேன்? ஒரு மகளைக் கரையேற்றத்தான் இன்னொரு மகளைப் பற்றி அப்படிச் சொன்னோம் என்று நினைத்துத்தான் அவர் இத்தனை நாள் மனதைத் தேற்றிக்கொண்டிருக்கிறார். அதையும் பிடுங்கிக்கொள்ளவா?

"ஒண்ணுமில்லப்பா, நெலத்து விஷயந்தான்" என்று சொல்லிவிட்டு, அவர் தட்டில் ரசத்தை ஊற்றினேன்.