வேலி போகாத கிழக்குப் பக்கம்

வவுனியாவில் பிரயோக கணிதம் படித்து முடித்த வினோஜாவுக்கு யானைத் திட்டமொன்றில் வேலை கிடைத்தது. யானைகள் எங்கே தண்ணீர் குடிக்கின்றன, எந்த மாதத்தில் எந்த வயலில் இறங்குகின்றன என்பதைச் சமன்பாடுகளாக்கி, மின்வேலியை எங்கே போட்டால் சேதம் குறையும் என்று கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அவளுடைய அப்பா பெருமாள், கலவரத்துக்குப் பயந்து மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை. பூவரசங்குளம் என்ற ஊருக்கு உள்ளே, காட்டோரம் கச்சான் என்கிற நிலக்கடலை செய்துதான் அவளைப் படிப்பித்தார்.

திட்டத்தில் ஒரு பக்க வேலிக்குத்தான் வசதி இருந்தது. ஊர்க் குளத்துக்கு மேற்கே வயல்களும் நிறையக் குடும்பங்களும். கிழக்கே ஒரு சில வீடுகள். அவளுடைய வீடும் அங்கேதான். மேற்கே வேலி போட்டு ஓட்டினால் மொத்தச் சேதம் நன்றாகக் குறைந்தது. ஆனால் வழி மறிபட்ட யானைகள் கிழக்கே திரும்பின. கிழக்கே போட்டால் மேற்கு அழிந்தது. மழையைக் கூட்டிப் பார்த்தாள், காட்டைப் பெருப்பித்துப் பார்த்தாள். யானைகள் இல்லாமல் போகவில்லை, இடம்தான் மாறின. ஒருமுறை கிழக்கில் இல்லாத வீடுகளைக் கூட்டிப் போட்டாள். மனம் கூசியது. அழித்துவிட்டு உள்ளதையே போட்டாள்.

"ரெண்டு பக்கமும் போட ஏலாதோ மிஸ்?" என்று திட்டப் பொறுப்பாளர் ஞானேஸ்வரியிடம் கேட்டாள்.

"ஏலுமெண்டா விடுவனோ பிள்ளை?" என்றார் அவர்.

அவளுடைய கணக்கின்படி மேற்கே வேலி எழும்பியது. "கொஞ்ச நாளைக்கு என்னோட வந்து இருங்கோ" என்று வீட்டுக்குப் போன் எடுத்தாள். காரணத்தை மட்டும் சொல்லாமல் விட்டாள். கச்சானை விட்டுவிட்டு வர ஏலாது என்றார் பெருமாள்.

தை மாதத்தில் அம்மா அழுதபடி போனில் கூப்பிட்டார். வினோஜா போய்ச் சேர்ந்தபோது கச்சான் செடிகள் வேரோடு கிடந்தன. குசினிச் சுவர் அடுப்பின் மேல் விழுந்திருந்தது. பெருமாள் முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வேலிக் கணக்கு நீதானே பாத்தனீ?"

"ஓம் அப்பா."

"எங்கட வீட்டையும் சேத்தனியோ?"

"சேத்தனான்."

"இது வருமெண்டு தெரியுமோ?"

"தெரியும்."

அவர் எழும்பிப் போய், மிதிபடாத செடிகளைத் தேடிக் கச்சான் ஆய்ந்தார். அவளும் பக்கத்தில் குந்தினாள். அவர் தள்ளிப் போய்க் குந்தினார்.

அடுத்த வாரம் சேதம் அளக்கத் திட்டத்தின் வாகனம் வந்தது. "நீர் சொன்னபடியேதான் நடந்திருக்கு" என்று ஞானேஸ்வரி தாழ்ந்த குரலில் சொன்னார். பிறகு அளவுநாடாவின் ஒரு நுனியை அவளிடம் நீட்டினார். வினோஜா அதைப் பிடித்துக்கொண்டு தோட்டத்தின் அந்தக் கரைக்கு நடந்தாள்.