சுரைக்காய் ஷிப்டும் புடலங்காய் ஷிப்டும்

தேனி பக்கம் ஒரு நூல் மில்லில் கேன்டீன் மாஸ்டராக இருந்தேன். கேன்டீனில் தீப்பிடித்த நாளைக்கூடச் சமாளித்துவிட்டேன். சுரைக்காய் விஷயத்தில்தான் வேலை போகப் பார்த்தது.

1. நோட்டீஸ்

புதிதாக வந்த மேனேஜர் ஒரு நாள் சமையற்கட்டுக்குள் வந்தார். ஒரு கையில் சுரைக்காய், மறு கையில் புடலங்காய்.

"மாஸ்டர், இதுல எதுல சத்து ஜாஸ்தி?"

"ரெண்டுமே தண்ணிக்காய் சார்."

"அப்படிச் சொன்னா எப்படி? டெஸ்ட் பண்ணிருவோம்."

ஒரு மாதம் காலை ஷிப்டுக்குச் சுரைக்காய், மதிய ஷிப்டுக்குப் புடலங்காய். எல்லோரையும் பேல் எனப்படும் பஞ்சுப் பொதியை எடை போடும் தராசில் ஏற்றினார்கள். எப்படி நிற்பது என்று காட்ட மேனேஜரே முதல் ஆளாக ஏறினார். மாதக் கடைசியில் மறுபடி எடை. எந்த ஷிப்டுக்கு எடை அதிகம் கூடுகிறதோ அந்த ஷிப்டின் காய் ஜெயித்ததாகக் கணக்கு. ஜெயித்த காயை இரண்டு ஷிப்டுக்கும் வருஷம் முழுக்கத் தினமும் போடுவது என்று நோட்டீஸ் ஒட்டினார். அங்கேதான் கோளாறு.

2. பட்டினி

இரண்டொரு நாள் ஒழுங்காகச் சாப்பிட்டார்கள். பிறகு காய் அப்படியே தட்டோடு திரும்பியது. சோறும் திரும்பியது. வாயில் போட்டுப் பார்த்தேன். குறையில்லை.

காலை ஷிப்டில் பேச்சியம்மா சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். அவளிடம் கேட்டேன்.

"என்ன ஆத்தா, உப்பு கூடிப்போச்சா?"

"உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு மாஸ்டரண்ணே. நாங்க எடை கூடுனா சுரைக்கா ஜெயிச்சிரும். வருசம் பூரா யாரு திங்கிறது? மெலிஞ்சு தோத்துட்டம்னா புடலங்கா வந்துரும்ல."

மதிய ஷிப்டு மாரிச்சாமியிடம் போனேன்.

"காலை ஷிப்டு மட்டுந்தான் மெலியுமாண்ணே? நாங்க டீக்குச் சீனியே நிப்பாட்டிட்டோம்" என்றான்.

3. தராசு

மாதக் கடைசியில் இரண்டு ஷிப்டும் எடை இறங்கியிருந்தது. மாரிச்சாமி பேண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஏறினான்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "காய் மேல தப்பில்ல. சமையல் தப்பு. வேற மாஸ்டர் பாத்துக்கிறேன்."

பட்டினி கிடந்ததைச் சொன்னால் அத்தனை பேருக்கும் மெமோ வரும்.

பேச்சியம்மா முன்னால் வந்தாள். "சாரு இன்னும் ஏறலையே. ருசி பாக்கேன்னு தினமும் ரெண்டு ஷிப்டுலயும் ஒரு தட்டு சாப்பிட்டாக."

"நான் டெஸ்ட்ல இல்லம்மா."

"சும்மா ஏறுங்க சார். பேலே ஏறுது."

ஏறினார். முள்ளைப் பார்த்தார். இறங்கி, ஷூவைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினார். முள் அதே இடத்தில்தான் நின்றது. மில்லில் எடை கூடிய ஒரே ஆள் அவர்.

"சரி, சமையல்ல தப்பில்ல" என்றார். ஷூவை மாட்டிக்கொண்டே சொன்னார்: "ரெண்டு காயும் சேந்தாத்தான் சத்து போல."

என் வேலை தப்பியது. மறுநாளிலிருந்து இரண்டு ஷிப்டுக்கும் தினமும் இரண்டு காய்.

பேச்சியம்மா தட்டை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "ஒங்களக் காப்பாத்துனதுக்கு எனக்குக் கெடச்ச பரிசப் பாருங்கண்ணே."

கூடக் கொஞ்சம் ஊறுகாய் வைத்தேன். என்னால் ஆனது அவ்வளவுதான்.

நான் கற்றுக்கொண்டது ஒன்று. அதற்குப் பிறகு எந்த மேனேஜர் வந்து எந்தக் காயில் சத்து என்று கேட்டாலும் முட்டை என்று சொல்லிவிடுவேன். அது காய் இல்லையே என்பார்கள். ஆமா சார் என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிடுவேன்.