சாதாரண ஆள்

பல்கலைக்கழக நெறிக்குழுவின் அறைச்சாவி தொலைந்த அன்றுதான் பூட்டுக்காரருக்கு வேளை பிறந்தது. பூட்டைத் திறந்துவிட்டுக் கருவிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தவரைத் தலைவரம்மா ஏற இறங்கப் பார்த்தார். மனிதர்களை வைத்துச் செய்யும் எந்த ஆராய்ச்சிக்கும் இந்தக் குழு தலையாட்டினால்தான் உண்டு. குழு கூடவேண்டுமென்றாலோ, படிப்பாளிகளுக்கு நடுவே ஒரு சாதாரண ஆள் உட்கார்ந்தே ஆகவேண்டும் என்பது விதி. இருந்த ஒருவரும் ஊர் மாறிப் போய்விட்டார்.

"எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"எட்டாவது, மேடம். அதுவும் தட்டுத்தடுமாறி."

"ரொம்ப நல்லது. உட்காருங்க."

முதல் சில கூட்டங்களை டீயும் பிஸ்கட்டுமாகக் கழித்தார். பிறகு வாய் திறந்தார். மாணவர்கள் வகுப்பில் ஏன் தூங்குகிறார்கள் என்று ஆராய அனுமதி கேட்டு ஓர் இளம் விரிவுரையாளர் வந்திருந்தார்.

"தூங்குறவங்ககிட்ட சம்மதம் எப்படி வாங்குவீங்க?"

"எழுப்பித்தான் சார்."

"எழுப்பிட்டா அப்புறம் எதை ஆராய்வீங்க?"

பேராசிரியர்கள் மேசையைத் தட்டினார்கள். ஆராய்ச்சி அன்றே படுத்துவிட்டது.

அதன்பின் பூட்டுக்காரரைக் கையில் பிடிக்க முடியவில்லை. பூட்டைத் திறப்பதால் வரக்கூடிய மனப்பாதிப்புகளை விளக்கிக் கையெழுத்து வாங்கிய பிறகே கடையை விட்டுக் கிளம்பினார். வீட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்டு தவித்தவர்கள் அடுத்த தெருக் கடைக்கு ஓடினார்கள். உப்பு சரியா என்று பார்க்கச் சொல்லி மனைவி கரண்டியை நீட்டினால், ஆராய்ச்சிக்கு ஆளானவர்போல, "நடுவுல விலகிக்க எனக்கு உரிமை உண்டுல்ல?" என்பார்.

"தாராளமா விலகுங்க. சோறும் விலகிக்கும்."

ஒரு நாள் கூட்டத்தில், "மாதிரியெடுப்பில் சார்புநிலை தெரிகிறதே" என்று இழுத்தார். தலைவரம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"இப்படிப் பேசுறவரை எப்படிங்க சாதாரண ஆள்னு காட்டுறது?"

"மேடம், நான் வெறும் எட்டாவதுதான்."

"இல்லைங்க. நீங்க எங்களை மாதிரியே ஆயிட்டீங்க. மன்னிச்சிருங்க."

வாழ்நாளில் அவருக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அது. பதவியும் அதோடு போயிற்று.

கழுத்தில் மாட்டும் குழு அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கக் கூசி மனைவியை அனுப்பினார். போனவர் மதியம் தாண்டித்தான் வந்தார். அட்டை அவர் கழுத்தில் தொங்கியது.

"என்ன பேசினாங்க? சொல்லேன்."

"வெளியாள்கிட்ட சொல்லக்கூடாதாம்," என்றபடி அவர் சமையலறைக்குள் போனார்.