ஆமாஞ்சாமியின் ஓநாய்

ஆமாஞ்சாமி எனக்கு ஐந்து மாதக் கடை வாடகை பாக்கி வைத்திருந்தார். எடுத்த எடுப்பிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். நடந்ததெல்லாம் அந்தப் பாக்கியைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தது.

நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். சிமெண்ட் மூட்டை தூக்கிய தோள் இது. இன்றைக்கு மாடியோடு ஒரு கட்டடம், கீழே ஆறு கடை, எல்லாம் என் பெயரில். பத்திரத்துக்காகவே தனியாகக் கையெழுத்துப் பழகினேன். வங்கி மேலாளரின் கையெழுத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்னுடையதுதான் எடுப்பாக இருக்கும். வாடகையில் தாட்சண்யம் பார்க்கிறவன் செங்கல் மேல் செங்கல் வைக்க முடியாது. அப்படிப்பட்ட நான் ஐந்து மாதம் பொறுத்தேன் என்றால் அந்த ஆளின் கைதான் காரணம். இருபது வருடமாக என் முகத்தில் அவர் கத்திதான் ஓடியது. ஒரு கீறல் பட்டதில்லை.

என் மாடிப்படிக்கு ஒட்டினாற்போல இருக்கும் ஆறாவது கடை அவருடைய சலூன். ஒரே ஒரு சுழல் நாற்காலி, தோல் கிழிந்த இடத்தில் ஒட்டுப் போட்டது. எதிரெதிரே இரண்டு கண்ணாடி. சுவரோரம் ஒரு பெஞ்சு. திரைத்துணிக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அதில்தான் அவரும் அவர் வீட்டுக்காரியும் குடியிருந்தார்கள். கடைத் துண்டுகளைத் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு அடுக்குவது அந்த அம்மாவின் வேலை. தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். வாய் கொஞ்சம் நீளம்.

யார் என்ன சொன்னாலும் அவர் ஆமாங்க என்பார். தெருவே சேர்ந்து வைத்த பெயர்தான் ஆமாஞ்சாமி. சும்மா குழைகிற ஆள் என்று நானும் முதலில் நினைத்தேன். ஒரு நாள் அவரே காரணம் சொன்னார்.

"நான் தொழில் கத்துக்கிட்ட கடையில, முதலாளி சவரம் பண்ணிக்கிட்டே ஒருத்தர்கிட்ட 'இல்லைங்க'ன்னு ஒரு வார்த்தை சொன்னாரு அண்ணே. அந்த ஆளு வெடுக்குன்னு திரும்பிட்டான். அதுக்கப்புறம் அந்தக் கடையைத் திறக்கவே இல்லை. இல்லைன்னு கேட்டா மனுஷன் ஆடிடுவான். ஆமான்னு கேட்டா சாஞ்சுக்குவான்."

திரைக்குப் பின்னாலிருந்து தங்கச்சியின் குரல் வந்தது. "எனக்கு மட்டும் ஒரு நாளும் ஆமான்னு வந்ததில்ல. நானும் ஒரு நாள் அந்த நாற்காலியில ஏறி உக்காந்துதான் கேக்கணும் போல."

அவர்கள் வளர்த்த நாயின் பெயர் பஞ்சு. அதன் பிறப்புக்கு நான்தான் சாட்சி. வேலை முடிந்து மிஞ்சிய சிமெண்ட் மூட்டைகளை மாடிப்படிக்கு அடியில் போட்டிருந்தேன். தெருவில் நொண்டிக்கொண்டு திரிந்த ஒரு பழுப்பு நாய் அந்த மூட்டைகளுக்கு நடுவில் குட்டி போட்டது. சில நாளில் தாய் லாரியில் அடிபட்டுச் செத்தது. மற்ற குட்டிகளை ஆளுக்கொன்றாகத் தூக்கிப் போய்விட்டார்கள். சாம்பல் நிறத்தில் ஒன்று மட்டும் நின்றது. அதன் ஒரு கண்ணில் சிமெண்ட் தூள் விழுந்து வெளுத்துப் போயிருந்தது. அந்தக் கண்ணால் அதற்குப் பார்வை இல்லை. தங்கச்சி அதைக் கடைத் துண்டில் சுற்றி உள்ளே கொண்டுபோனாள்.

சலூனில் வளர்கிற நாய் அல்லவா. வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் ஆமாஞ்சாமி அதைச் சீவிக்கொண்டே இருந்தார். கடை ஷாம்புவில் குளியல். காதோர முடியை அளவாகக் கத்தரித்துவிடுவார். கழுத்தில் முடி அடர்ந்து, வால் பூங்கொத்து மாதிரி ஆகி, அந்தச் சாம்பல் பளபளக்க ஆரம்பித்தது. பெற்ற தாய் எழுந்து வந்தாலும் அடையாளம் தெரிந்திருக்காது.

அப்புறம்தான் ஆட்கள் ஆரம்பித்தார்கள்.

"ஹஸ்கிதானே? கண்ணப் பார்த்தாலே தெரியுதே. பனியில வாழ்ற ஜாதி. இதுக்கு ஏசி வேணுமே."

"ஆமாங்க."

"அப்பன் ஜெர்மன் ஷெப்பர்ட், ஆத்தா பொமரேனியன். சரியா?"

"ஆமாங்க."

ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் துண்டைப் போர்த்திக்கொண்டே சொன்னார். "எங்க மச்சான் வீட்டுல இதே ரகம். முட்டையும் பாலும் தவிர எதையும் மோந்துகூடப் பாக்காது." பஞ்சு அப்போது அவருடைய செருப்பைத் தின்றுகொண்டிருந்தது. அதற்கும் ஆமாங்கதான்.

நான் பெஞ்சில் உட்கார்ந்து சிரிப்பை அடக்குவேன். எல்லாரும் படித்தவர்கள். என் மாடிப்படிக்கு அடியில் பிறந்ததற்கு எங்கெங்கோ பூர்வீகம் சொன்னார்கள்.

பிறகு ஒரு நாள் வெளியூர்க்காரர் ஒருவர் பேருந்துக்குக் காத்திருந்த நேரத்தில் சவரத்துக்கு உட்கார்ந்தார். பஞ்சு வாசலிலிருந்து உள்ளே வந்தது. ஒரு கண் தெரியாததால் அது எப்போதும் தலையைத் தாழ்த்தி, ஒரு பக்கமாகச் சாய்த்து, மோப்பம் பிடித்துக்கொண்டுதான் நடக்கும். அவர் கண்ணாடியில் அதைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

"இது நாய் இல்ல. ஓநாய்க் கலப்பு. நடையப் பாருங்க. வேட்டைக்குப் பதுங்குற நடை அது."

கத்தி அவருடைய தொண்டைக் குமிழின் மேல் இருந்தது. பெஞ்சில் நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஆமாங்க" என்றார் ஆமாஞ்சாமி.

மற்றவர்கள் சொன்ன பெயரெல்லாம் காற்றோடு போயின. இது ஒட்டிக்கொண்டது. குழந்தையைக் கூட்டி வருகிற பெண்கள் சலூன் நெருங்கும்போது எதிர்ப்பக்கம் தாண்டிப் போனார்கள். தபால்காரர் வாசலோடு கடிதத்தை வீசினார். பூனை ஒன்று காணாமல் போனதற்கு ஒருவர் வந்து கடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பினார். கேட்டிருந்தாலாவது பதில் சொல்லியிருக்கலாம். தெருமுனையில் கண்ணாடிக் கதவு போட்ட புது சலூன் வேறு வந்திருந்தது. இங்கே நாற்காலி காலியாகச் சுழன்றது. வாடகை நின்றது.

"இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்றாள் தங்கச்சி.

"அவரு கழுத்து என் கையில இருந்துச்சே."

"இப்ப நம்ம கழுத்து யார் கையில இருக்குன்னு பாத்தீங்களா?"

வலைக்கம்பி அடித்த கூண்டு வண்டி ஒன்று எதிர்ப்பக்கம் வந்து நின்றது அந்தச் சமயத்தில்தான். உள்ளே நாய்கள் இருந்தன. நான் மாடியிலிருந்து பார்த்தேன். தெருநாய்கள் போய் அந்த வண்டியைச் சுற்றிக் குரைத்தன. உள்ளே இருந்தவற்றில் ஒன்றுகூடத் திருப்பிக் குரைக்கவில்லை. நான் எத்தனையோ வண்டி பார்த்தவன். அது எனக்குப் பிடிக்கவில்லை.

வண்டிக்காரர் ஒல்லியான ஆள். முன்கையெல்லாம் பழைய பல் தடம். டீக்கடையில் நின்று நிதானமாகக் குடித்தார். சலூன் நாய் என்ன நாய் என்று டீக்கடைக்காரரைக் கேட்டார். மருந்துக் கடையில் கேட்டார். என்னையும் கேட்டார். தெருநாய் என்று சொன்னேன். என் பதிலை மட்டும் காதில் போட்டுக்கொள்ளாதவர் போல நகர்ந்தார். பிறகு போய் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"ஓநாய்க் கலப்புன்னு பேசிக்கிறாங்களே."

"ஆமாங்க."

"எனக்குக் குடுத்துடுங்க. விலை பேசி முடிச்சுக்குவோமா?"

கத்தி தாடையின் கீழே இருந்தது.

"ஆமாங்க."

பவுடர் டப்பாவுக்கு அடியில் ஒரு கட்டு நோட்டை வைத்துவிட்டு, அடுத்த வாரம் வந்து கூட்டிப் போகிறேன் என்று சொல்லிப் போனார். ஆமாஞ்சாமி அந்தக் கட்டோடு மாடியேறி வந்தார். கட்டை என் முன்னால் நீட்டினார்.

"பாக்கி அண்ணே."

எண்ணினேன். ஐந்து மாத வாடகைக்குச் சரியாக இருந்தது. ஒரு நோட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. டீக்கடையில் அந்த ஆள் நாயோடு வாடகைப் பாக்கியையும் விசாரித்திருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது.

"ஏது பணம்?"

"பஞ்சுவுக்கு முன்பணம். ஆமான்னுட்டேன் அண்ணே. சவரம் பாதியில இருந்துச்சு."

வாங்கிக்கொண்டேன். வாடகை வாடகைதான், அதில் எனக்கு இன்றைக்கும் கூச்சம் கிடையாது. ஆனால் பெட்டியில் வைக்கத் தோன்றவில்லை. சட்டையின் உள்பையிலேயே போட்டுக்கொண்டு திரிந்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அந்த வாரம் முழுக்க வண்டி தினமும் வந்தது. எதிரே கொஞ்ச நேரம் நிற்கும். யாரும் இறங்க மாட்டார்கள். கிளம்பிப் போகும். பஞ்சு சுழல் நாற்காலிக்கு அடியில் போய்ப் படுத்தது, கூப்பிட்டாலும் வரவில்லை. தங்கச்சி பின்னறைக் கதவுக்குக் குறுக்கே கட்டிலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவள் வாய் அடங்கி நான் பார்த்ததே அந்த வாரம்தான்.

சொன்ன நாளில் நான் சவரத்துக்கு என்று இறங்கிப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் வண்டிக்காரர் போய் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். நாய்ச் சங்கிலியை மடியில் வைத்திருந்தார்.

ஆமாஞ்சாமி சோப்பு நுரை பூசினார். கத்தியைத் தோல்வாரில் தீட்டினார். ஒரு கன்னம் முடிந்தது. மறு கன்னம் முடிந்தது. தலையைப் பின்னால் சாய்த்து, தொண்டையில் கத்தியை வைத்த பிறகு பேசினார்.

"அது ஓநாய் இல்லைங்க."

இருபது வருடத்தில் அந்த நாற்காலியில் விழுந்த முதல் 'இல்லை' அது. வண்டிக்காரர் ஆடவில்லை. கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"தெரியும்" என்றார். "தெருநாய். ஒரு கண்ணு பொட்டை. வந்த அன்னிக்கே பாத்துட்டேன்."

"அப்புறம் எதுக்குங்க?"

"சண்டைக்கு விடுறதுக்கு. ஓநாய்னு இந்தத் தெருவே சொல்லுதே. எவன் வந்து விசாரிச்சாலும் டீக்கடை சொல்லும், மருந்துக் கடை சொல்லும். ஓநாய் மேல பணம் கட்ட ஆளு வரிசையில நிப்பான்."

"அவனுக்குச் சண்டை தெரியாதுங்க. எப்படி ஜெயிப்பான்?"

"ஜெயிக்கணும்னு யாரு சொன்னா? நான் எதிர் நாய் மேலதானே கட்டுவேன்."

திரைத்துணி விலகியது. தங்கச்சி கையில் மடித்த துண்டோடு நின்றாள். நாற்காலிக்கு அடியிலிருந்து பஞ்சு தலையை நீட்டி அவள் பாதத்தை மோந்தது. அதற்கு அந்தப் பக்கம்தான் கண் தெரியும்.

கத்தி நகரவில்லை. வைத்த இடத்திலேயே இருந்தது. அந்த ஆளின் கழுத்து நரம்பு கத்தியின் ஓரத்தில் துடிப்பது பெஞ்சிலிருந்து தெரிந்தது.

"நாயைத் தர மாட்டேங்க" என்றார் ஆமாஞ்சாமி.

"கத்திய எடுங்க. பேசுவோம்."

"இன்னும் முடியலைங்க. ஆடாதீங்க."

எல்லாரிடமும் சொல்கிற வார்த்தைதான். அதே குரலில்தான் சொன்னார்.

"முன்பணத்தத் திருப்பிக் குடுத்துட்டா கணக்கு முடிஞ்சுதுங்களா?"

வண்டிக்காரர் கண்ணைத் திறந்தார். எதிர்க் கண்ணாடியில் ஆமாஞ்சாமியின் முகத்தைத் தேடினார். பிறகு கத்தியைப் பிடித்த கையைப் பார்த்தார்.

"ஆமா" என்றார்.

"இந்தப் பக்கம் வண்டி வராதுங்களா?"

கொஞ்சம் இழுத்து, "ஆமா" என்றார்.

அதற்குப் பிறகுதான் கத்தி நகர்ந்தது. மிச்ச நுரையை வழித்தது. ஒரு கீறல் இல்லை. படிகாரக் கல்லைத் தேய்த்து, தங்கச்சி நீட்டிய துண்டால் துடைத்து, கழுத்தைச் சுற்றியிருந்த துணியை உதறி எடுத்தார். அந்த ஆள் எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, ஆமாஞ்சாமியின் முன்னால் கையை நீட்டினார்.

ஆமாஞ்சாமியிடம் ஏது பணம்? அது என் உள்பையில் அல்லவா இருந்தது. அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. கேட்கிற பழக்கம் இல்லாத ஆள். நானே எழுந்தேன். கூலியாக இருந்த நாளிலும் பணத்தை முகத்துக்கு நேரே எண்ணித்தான் கொடுப்பேன், எண்ணித்தான் வாங்குவேன். கட்டைப் பிரித்து, பல் தடம் பதிந்த அந்தக் கையில் ஒவ்வொரு நோட்டாக வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஐந்து மாதப் பாக்கி மறுபடி உயிர் பிடித்து எழுந்தது. அவர் நோட்டைப் பார்க்கவில்லை. என் முகத்தையும், தங்கச்சியின் முகத்தையும், வாசலையும் பார்த்து வைத்துக்கொண்டார். கடைசி நோட்டு என் விரலில் இருக்கும்போது ஆமாஞ்சாமி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இது இருக்கட்டும் அண்ணே. போன வாரச் சவரம் ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு, ரெண்டுக்கும் கூலி. மீதிய நான் தரேன்."

பவுடர் டப்பாவைத் தூக்கி, அடியில் கிடந்த சில்லறையை எண்ணி, விரித்தபடியே இருந்த அந்தக் கையில் நோட்டுகளின் மேல் வைத்தார்.