சிவப்புக் குதிரையின் பாட்டு

ஞாயிறு மதியம் ஒரு மணிக்கே வந்து, நடனக்கூடத்தின் பலகைத் தரையில் மக்காச்சோள மாவை இறைக்கிறார் நெல்டா ரே, கோழிக்குத் தீனி போடுவதுபோல. ஆடுகிறவர்களின் காலணி வழுக்கிக்கொண்டு போக வேண்டும். இந்த வேலைக்குக் கூடத்தில் ஆள் இருக்கிறது. நெல்டாவுக்கு அவன்மேல் நம்பிக்கை இல்லை. "அவன் போட்டா கட்டி கட்டியா விழும். போன வருசம் ஒரு பல் டாக்டரே தடுக்கி விழுந்து பல்லை உடைச்சுக்கிட்டார்."

பிறகு பீர் வைக்கும் பழைய குளிர்பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் ரீங்காரத்துக்குக் கிட்டாரைச் சுருதி சேர்ப்பார். "இது அம்பது வருசமா மாறல, கண்ணு. அதுக்குள்ள எனக்கு ரெண்டு புருசன் மாறிட்டான்."

அவருக்கு வயது எழுபத்தாறு. டெக்சஸில் எங்கள் ஊரான சைப்ரஸ் ஓடையைத் தாண்டி அவர் பெயர் தெரிந்தவர்களுக்கெல்லாம் ஒரு கதையும் தெரியும். 1974இல் பாட்டு எழுத, இசைத்தட்டு நிறுவனங்கள் நிறைந்த நாஷ்வில் நகரத்துக்குப் போனார். இசைத்தட்டு நிறுவனம் அவருடைய வாத்தியக்காரர்களை வெளியே உட்கார வைத்துவிட்டுச் சம்பளத்துக்கு ஆள் பிடித்தது. குரலுக்குப் பின்னால் முப்பது வயலின்களை வைத்தது. பொறுத்துக்கொண்டார். ஒரே ஒரு வரியை மாற்றச் சொன்னபோது எழுந்துவிட்டார். "நான் வாழ்ந்ததை நான் எழுதியிருக்கேன். அதுல ஒரு சொல்லைத் தொடு பாக்கலாம்னேன்."

ஊர் திரும்பி, இதே கூடத்தில், தன் ஆட்களோடு அந்தப் பாட்டைப் பதிவு செய்தார். வானொலி தொடவில்லை, லாரிக்காரர்களும் எண்ணெய்க் கிணற்றுக்காரர்களும் கைக்குக் கை மாற்றிக் கேட்டார்கள். சட்டத்துக்கு அடங்காதவர்கள் என்று பத்திரிகைகள் அப்போது ஒரு பாடகர் கூட்டத்தைச் சொல்லி வந்தன. அதில் இவரையும் சேர்த்தன. "ஒரே ஒரு தடவைதான் உள்ள போனேன். வயலின் வாசிக்கிற சிஸ்டோ மெக்சிகன்னு சொல்லி, ஒரு கிளப்காரன் அவனைப் பின்வாசல் வழியா வரச் சொன்னான். மைக் கம்பியால ஒண்ணு வச்சேன். அவ்ளோதான்." சிஸ்டோ இன்றும் அவரோடுதான் வாசிக்கிறார். முன்வாசல் வழியாகத்தான் வருகிறார்.

மாற்ற மறுத்த அந்த வரி ‘வெறும் கடிவாளம்’ என்ற பாட்டில் வருகிறது: என் சிவப்புக் குதிரையை அவன் வித்துட்டான், கம்பத்துல கடிவாளத்தைத் தொங்க விட்டுட்டான்.

'அவன்' யார் என்பது ரகசியமில்லை. நெல்டாவின் முதல் கணவர் ஆர்லன் வோகல், எங்கள் ஊரில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருப்பவர். கடைக்கு வரும் வெளியூர்க்காரர்கள்கூட, "குதிரை கட்டியிருக்கேன், வித்துடாதீங்க பெரியவரே" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். பள்ளிக் குழுத் தேர்தலில் அவர் நின்றபோது யாரோ அவர் பெயர்ப் பலகையில் ஒரு கடிவாளத்தை மாட்டிவிட்டார்கள். பத்தொன்பது ஓட்டில் தோற்றார். வேலி போடும் என் அப்பா கம்பம் ஊன்றும்போதெல்லாம் அந்தப் பாட்டைத்தான் முணுமுணுப்பார். சின்ன வயதில் ஆர்லன் நீட்டிய மிட்டாயை வாங்காமல் அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்தவள் நான்.

ஆனாலும் ஆர்லன் ஞாயிறு தவறாமல் கூடத்துக்கு வருவார். தொப்பியை மேசைமேல் வைக்க மாட்டார், மடியிலேயே வைத்திருப்பார். நெல்டா கிட்டார் கழுத்தில் சுருதியை ஏற்றும் கவ்வியை மாட்டினால் அடுத்தது அந்தப் பாட்டு. தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு பக்கவாசல் வழியாக இறைச்சி சுடும் குழியருகே போய் நிற்பார். பாட்டு முடிந்ததும் திரும்பி வருவார். அவர் வெளியே போகும்வரை நெல்டா கவ்வியைச் சரி செய்துகொண்டே இருப்பார். இதை இருவரும் பேசி வைத்துக்கொண்டதில்லை.

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். கேள்வி கேட்பதுதான் படிப்பு என்று நம்பிக்கொண்டிருந்தேன். இந்தக் கட்டுரைக்காக நெல்டாவின் அடுப்படியில் உட்கார்ந்து, விற்ற அன்று குதிரை எப்படி இருந்தது என்று கேட்டேன். நிறத்தைச் சொல்வார் என்றுதான் நினைத்தேன்.

"வண்டியில ஏற மாட்டேன்னு முன்னங்காலை ஊணிக்கிட்டு நின்னுச்சு. வாங்க வந்தவன் சட்டையைக் கழட்டி அதோட கண்ணைக் கட்டினான். அப்புறம்தான் ஏறுச்சு."

பாட்டில் நெல்டா வீடு திரும்பும்போது குதிரை ஏற்கெனவே போயிருக்கும்.

"நீங்க அங்க இருந்தீங்களா, மிஸ் நெல்டா?"

பீன்ஸ் கொதிக்கும் அடுப்பைத் தணித்தார். "இதைத்தான் காலேஜுல சொல்லிக் குடுக்கறாங்களா?" என்றார். பீன்ஸைக் கிளறிவிட்டு, "அது என் குதிரைகூட இல்ல. அவன் குட்டியிலேருந்து வளத்தது. அவன் சந்தைக்குப் போன அன்னிக்கு வித்துட்டு பஸ் ஏறிட்டேன்."

"அப்ப பாட்டுல ஏன்..."

"நான் வித்தேன்னுதான் முதல்ல எழுதினேன். படிச்சுப் பாத்தா எனக்கே என்னைப் பிடிக்கல. அவன் வித்தான்னு மாத்தினேன். பாட்டு எழுந்து நின்னுக்கிச்சு." கரண்டியைக் கழுவி வைத்தார். "எழுதணும்னா எழுதிக்கோ."

எழுதவில்லை. இரண்டு வாரம் எதுவுமே எழுத வரவில்லை. உயிரோடிருக்கும் ஒருவரைத் தாளில் வைக்க எனக்கு யார் உரிமை கொடுத்தார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஆர்லனைப் பார்க்கப் போனேன். இடுப்பெலும்பு முறிந்து சக்கர நாற்காலியில் இருந்தார். "ஏன் இத்தனை வருசமா யார்கிட்டயும் சொல்லல?" என்றேன்.

"அது பாட்டுதானேம்மா. அவளுக்குச் சோறு போடுது." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நல்ல குதிரை அது."

போன ஞாயிறு ஆர்லனை அவருடைய தங்கை மகள் தள்ளிக்கொண்டு வந்தாள். "ஒரு மாசமா சுவத்தையே பாத்துக்கிட்டிருக்கார். இன்னிக்காவது மனுசங்களைப் பாக்கட்டும்." மேடைக்கு நேர் எதிரே முன்மேசையில் நிறுத்திவிட்டு, சாப்பாட்டு வரிசையில் போய் நின்றுகொண்டாள்.

நாலு மணிக்குக் கூட்டம் தரையை உதைக்கத் தொடங்கியது. "கடிவாளம்! கடிவாளம்!" நெல்டா பழக்கத்தில் கவ்வியை மாட்டிவிட்டுப் பக்கவாசலைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. அப்புறம்தான் கீழே பார்த்தார். ஆர்லன் தொப்பியைப் போட்டுக்கொண்டு சக்கரத்தில் கை வைத்திருந்தார். அவருக்கும் வாசலுக்கும் நடுவே இருநூறு பேர் ஜோடி ஜோடியாக நின்றிருந்தார்கள். சக்கரத்தை ஒரு முறை உருட்டிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார்.

நெல்டா கவ்வியைச் சரி செய்தார். மறுபடியும் சரி செய்தார். கூட்டம் இன்னும் பலமாக உதைத்தது. பாடத் தொடங்கினார்.

அந்த வரி வந்தபோது வாயை மூடிக்கொண்டார். அதனால் ஒரு பயனும் இல்லை. இருநூறு பேரும் அவருக்காகச் சேர்ந்து பாடினார்கள், எப்போதும்போல, தொண்டை கிழிய. சிலர் பீர் டப்பாவை ஆர்லன் பக்கம் உயர்த்திச் சிரித்தார்கள்.

நெல்டா நரம்புகளின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். சிஸ்டோவின் வில் பாதியில் நின்றது.

"சிஸ்டோ, ரெண்டாவது சரணத்துலேருந்து."

இரண்டாவது தடவை இப்படிப் பாடினார்: அவன் வளத்த குதிரையை வித்தவ நானு, பஸ் ஏறும்போது திரும்பிக்கூடப் பாக்கல நானு.

"மிஸ் நெல்டா, சொந்தப் பாட்டே மறந்துபோச்சா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"மறக்கல. குதிரையை வித்தது நான்தான். அது ஆர்லனோட குதிரை. அம்பது வருசமா உங்களைப் பொய் பாட வச்சிருக்கேன். இப்ப வாயை மூடிக்கிட்டு ஆடுங்க."

உடனே யாரும் ஆடவில்லை. என் அப்பா சுவரோரம் தரையைப் பார்த்தபடி நின்றிருந்தார். சிஸ்டோதான் வில்லை மறுபடி எடுத்தார். ஒரு வயதான ஜோடி மாவின்மேல் மெல்ல நகர்ந்தது, பின்னாலேயே மற்றவர்களும்.

மூன்றாவது சரணத்தில் ஜோடிகள் விலகி, ஆர்லனிடமிருந்து பக்கவாசல்வரை வழி திறந்தது. ஆர்லன் அதைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி, மேசைமேல் மல்லாக்க வைத்தார்.