ஒத்திக்குப் போன வீடு

தன் வீட்டு வாசலைப் பார்க்கும்போதெல்லாம் மைமூனுக்கு வயிறு எரியும். பார்க்காமல் இருக்கவும் வழியில்லை. இராஜபாளையத்தில் அவர்கள் வாடகைக்கு இருந்த ஒற்றை அறைக்கு நேர் எதிரே அந்த வீடு நின்றது. கல்யாணத்தின்போது அவளுடைய அத்தா அவள் பேருக்கு எழுதிக் கொடுத்த வீடு. இப்போது அதில் பட்டாளத்து ஹவில்தாரின் விதவை அப்ரோஸ் பேகம் குடியிருந்தாள்.

எல்லாம் மைமூனின் கணவர் நைனா முகமது செய்த வேலை. சந்தை சந்தையாகத் துணி கொண்டுபோய் விற்கிறவர், துணியோடு நின்றிருக்கலாம். ஒரு வருஷம் பருத்தியையும் வாங்கிப் போட்டார். மழையில் நனைந்து அத்தனையும் கறுத்துப் போனது. வட்டிக்கு வாங்குவது ஹராம் என்று, பேகத்திடம் இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, மைமூனைக் கையெழுத்துப் போடவைத்து வீட்டை ஒத்திக்கு விட்டார். பேகத்துக்கு வட்டி கிடையாது; அதற்குப் பதில் பணம் திரும்பும்வரை வீட்டில் குடியிருந்துகொள்ளலாம். ஐந்து வருஷக் கெடு. முன்னதாகப் பணம் புரண்டால் முன்னதாகவே மீட்டுக்கொள்ளலாம் என்று பேச்சு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்திரம் பதிந்துவிட்டு வந்த அன்றே, "மூணே வருசத்துல மீட்டுக் காட்டுதேன், பாரு" என்றார் நைனா முகமது. அந்த ஆசையில் ஒரு தப்பும் இல்லை. அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் மைமூனின் உயிரை எடுத்தது.

முதலில் வெள்ளிக்கிழமைச் சோற்றுக்கு ஊற்றும் கறி ஆணம் நின்றது. அப்புறம் நெல்லுச் சோறு நின்று கம்பங்கஞ்சி வந்தது. கரைத்த புளிச் சக்கையை வீசக் கூடாது, மறுநாளும் கரைக்க வேண்டும். அந்தியில் மஃரிபு தொழுகைக்கு ஏற்றிய விளக்கு, சாப்பிட்டுக் கை கழுவும்போதே அணைந்துவிட வேண்டும். ஒரு நாள் அவள் குழம்பு தாளிக்கும்போது பின்னால் வந்து நின்றுகொண்டு, "கடுகு எதுக்கு? அது வெடிச்சா வயிறா நெறையப் போகுது?" என்று கேட்டார். அந்தக் கரண்டியை அவர் தலையில் போடாமல் அடுப்பில் வைத்ததற்கே மைமூனுக்கு சொர்க்கத்தில் இடம் உண்டு. பெருநாளுக்கு, விற்காமல் கிடந்த துண்டுத் துணிகள் இரண்டை ஒட்டுப்போட்டு அவளுக்குச் சேலையாக்கினார். ஒரு பாதி பச்சை, மறுபாதி ஊதா. ஊருக்கெல்லாம் துணி விற்கிறவர் பெண்டாட்டி அதைக் கட்டிக்கொண்டு தெருவில் எப்படி இறங்குவாள்? அந்தப் பெருநாள் முழுக்க அவள் அறையைவிட்டு வெளியே வரவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். எதிர்வீட்டு வாசலில் அவர் நடந்துகொண்டதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பேகம் மரியாதை தெரிந்தவள். வீட்டில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் இந்தப் பக்கம் வந்து கேட்காமல் அடிக்க மாட்டாள். "தம்பி, கெணத்துப் படி இடிஞ்சு கெடக்கு. கட்டிக்கிடட்டுமா?" என்பாள். உடனே நைனா முகமது தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, பத்து வீடு சொந்தமாக உள்ளவர்போல எழுந்து நிற்பார்.

"இதைப் போய்க் கேக்கணுமாக்கும்? தாராளமாக் கட்டுங்க. நல்ல கல்லாப் போட்டுக் கட்டுங்க."

அடுத்த மாதம் சமையல்கட்டுக் கூரைக்கு ஓடு மாற்றினார்கள். அதற்கு அடுத்த வருஷம், பின்பக்கம் மழைக்கு ஒழுகாத ஒரு அறை எடுக்கலாமா என்று பேகம் கேட்டாள். "எடுங்க. உத்தரம் மட்டும் தேக்குல போடுங்க, மத்ததெல்லாம் அரிச்சுப் போவும்" என்று யோசனையும் சொல்லி அனுப்பினார்.

மைமூன் அன்று தலையில் அடித்துக்கொண்டாள். "ஒத்திக்காரவிய நம்மள்ட்ட கேட்டுச் செஞ்ச செலவு, மீக்கும்போது நம்ம தலையிலதான வரும்? அது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அதுக்காக, ஒரு பொம்பளை வாசல்ல வந்து நிக்கும்போது என் கையில துட்டு இல்லன்னு சொல்லச் சொல்லுதியா? பட்டாளத்தார் வீட்டம்மா அதெல்லாம் கணக்குப் பாக்க மாட்டாவ."

கடுகைக் கணக்குப் பார்க்கிற மனுஷன் தேக்கு உத்தரத்தைக் கணக்குப் பார்க்கவில்லை. இந்த ஆளை என்ன செய்வது என்று மைமூனுக்குப் புரியவேயில்லை.

மூன்றாம் வருஷம் அவள் முழுகாமல் இருந்தாள். அதிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்புத்தான். முதல் பிள்ளை இந்த வாடகை அறையில்தான் பிறந்தது. ஐப்பசி அடைமழை, ஒழுகாத இடமென்று பாயை இழுத்து இழுத்துப் போட்டும் பிள்ளையின் நெஞ்சில் சளி கட்டிவிட்டது. நாற்பதாம் நாள் குளிப்பாட்டுவதற்குள் போய்விட்டது. இந்தப் பிள்ளையை அந்த ஈரத்தில் பெற்றுப்போட அவள் தயாராக இல்லை. வயிற்றைக் கட்டி எத்தனை மாதமானாலும் இருப்பாள். பிள்ளை மட்டும் தன் வீட்டில் பிறக்க வேண்டும்.

நிறை மாதத்தில், மழைக்குச் சற்று முன்னால், இருநூறு ரூபாய் சேர்ந்துவிட்டது. ஜமாஅத்துப் பெரியவர் மதார் சாகிபைச் சாட்சிக்குக் கூப்பிட்டுக்கொண்டு இருவரும் எதிர்வீட்டுக்குப் போனார்கள். நைனா முகமதுவின் நடையைப் பார்க்க வேண்டுமே! கல்யாண மாப்பிள்ளை தோற்றான்.

பேகம் பணத்தை வாங்கி எண்ணினாள். பிறகு சங்கடத்தோடு, "தம்பி, கெணத்துப் படி, ஓடு, பின்னால உள்ள ரூம்பு, எல்லாம் சேத்து அறுவது ரூவா ஆச்சு. உங்கள்ட்ட கேட்டுத்தான் செஞ்சேன்" என்றாள்.

மதார் சாகிப் நைனா முகமதுவைப் பார்த்தார். "கேட்டாவளா?"

இல்லையென்று சொல்ல முடியுமா? தெருவுக்கே கேட்கும்படியல்லவா சரி சொல்லியிருந்தார். முகம் செத்துப்போய், "ஆமா" என்றார். அத்தோடு நின்றாரா? மனைவி பக்கம் திரும்பி, விரலை மடக்க ஆரம்பித்துவிட்டார்.

"ஒண்ணும் பயப்படாத. காலைக் கஞ்சிய நிறுத்திட்டோம்னு வையி, இன்னும் பத்தே மாசத்துல..."

மைமூனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. மூன்று வருஷமாக விழுங்கியதெல்லாம் ஒரே மூச்சில் வந்தது.

"எந்தக் கஞ்சிய நிறுத்துவீங்க? என் வயித்துல கெடக்குறதுக்கும் சேத்து நிறுத்துவீங்களா? எம்புட்டு நாளா நான் உப்புக்கும் புளிக்கும் உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கேன்! நான் மிச்சம் பிடிச்சதெல்லாம் இந்த வாசல்ல நின்னு நீங்க தூக்கிக் குடுத்திருக்கீங்க. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, முடியாதுன்னு சொல்ல வாய் வரலையே உங்களுக்கு!"

நைனா முகமது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைமூன் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேகத்தின் பக்கம் திரும்பினாள்.

"மாமி, இருநூறு உங்க கைக்கு வந்துட்டு. வீட்ட எனக்குக் குடுத்திருங்க. பின்னால நீங்க கட்டுன ரூம்ப மட்டும் அறுவது ரூவாக்கு ஒத்தியா வச்சுக்கிட்டு அங்கயே இருங்க. பணம் வரும்போது வரட்டும். நீங்க ஒத்த ஆளு, உங்களுக்கு அது போதும். சரின்னா பெரியவர் முன்னாலயே சொல்லுங்க."

மதார் சாகிப் தாடியைத் தடவினார். நியாயமாகத்தான் பட்டது. பேகம் இடுப்பிலிருந்த வீட்டுச் சாவியை எடுத்து மைமூனிடம் நீட்டி, "ஏட்டி, இத மொதல்லயே உன்கிட்ட வந்து கேட்டிருக்கணும். புத்தி கெட்டு உன் புருசங்கிட்ட கேட்டேன்" என்றாள்.

அந்த வாரமே குடிவந்தார்கள். மைமூன் முதல் வேலையாக நெல்லுச் சோறு வடித்தாள். நைனா முகமது மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆனால் வீட்டின் முன்பகுதியில் பேகம் கைவைக்கவேயில்லை. அங்கே சுவரெல்லாம் ஓதம் ஏறிக் கிடந்தது. வலி கண்ட அன்று மழை கொட்டியது. பேகம் ஒன்றும் கேட்கவில்லை. தன் பெட்டி படுக்கையை இழுத்து வெளியே போட்டுவிட்டு, மைமூனைக் கைத்தாங்கலாகத் தன் அறைக்குக் கூட்டிப்போனாள். அறுபது ரூபாய் அறை. ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. மைமூன் எத்தனையோ நாள் சபித்துக் கொட்டிய அந்தக் கூரையின் கீழேதான் பெண்பிள்ளை பிறந்தது.

பிள்ளையின் காதில் பாங்கு சொல்ல நைனா முகமதுவை உள்ளே கூப்பிட்டார்கள். தொப்பியை வைத்துக்கொண்டு வந்தவர், வாசற்படி தாண்டியதும் நின்று, தலையை அண்ணாந்து பார்த்தார்.

"பாத்தியா மைமூன், நான் அன்னைக்கே தேக்குன்னு சொன்னேன்ல?"

எழுந்திருக்கவே தெம்பில்லாமல் கிடந்தவள், எங்கிருந்தோ குரலைத் திரட்டிக்கொண்டு கத்தினாள்.

"மேல என்னத்தப் பாக்கீங்க? பிள்ளையப் பாருங்க!"