வெட்டிய வரிகளைப் படித்தவன்

நம்பாதவர்கள் எதிர்வீட்டுக்கே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கமாகக் கண், காது, மூக்கு வைத்துச் சொல்கிறவள்தான் நான். ஆனால் இதில் ஒரு சொல்கூட என் கைச்சரக்கு இல்லை.

எதிர்வீட்டு மாப்பிள்ளை லிஃப்ட் ஓட்டும் புரோகிராம் எழுதுகிறவர். சி ப்ளஸ் ப்ளஸ் என்ற கம்ப்யூட்டர் மொழியிலாம். மாமனார் வீட்டு மாடியறைதான் ஆபீஸ். அன்று சாயங்காலத்துக்குள் அனுப்பாவிட்டால் வேலை காலி என்று மேலதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார். அதுவோ, கம்பைல் பண்ணினால், அதாவது கம்ப்யூட்டருக்குப் புரிகிற பாஷைக்கு மாற்றினால், சமர்த்தாக மாறுகிறது. ஓட்டிப் பார்த்தால் மூன்றாம் மாடியைத் தொட்டதும் செத்து விழுகிறது.

மகளோடு கடைக்குக் கிளம்பிய மாமனார் சும்மா போவாரா?

"மாப்பிள்ளை, லிஃப்ட் ஏறுதோ இல்லையோ, நீங்க வேலையிலேருந்து இறங்கிடாம பாத்துக்கங்க!"

"அப்பா, பேசாம வாங்க!" என்று மகள் இழுத்துக்கொண்டு போனாள்.

வீட்டில் இவர் மட்டும். பட்டப்பகல்.

வேறு வழியில்லாமல், புரோகிராம் எழுதுகிறவர்கள் சந்தேகம் கேட்கும் இணைய மன்றம் ஒன்றில் சேர்ந்தார். அங்கே முழுவதையும் கொட்டினால் திட்டுவார்களாம். சிக்கல் இருக்கும் வரிகளை மட்டும் விட்டு, மீதியை வெட்டிவிட வேண்டும். இவரும் ஆயிரம் வரிக்கு மேல் இருந்ததை இருபதாக வெட்டி, கேள்வியைப் போட்டார்.

விரலை எடுக்கவில்லை... பதில் வந்துவிட்டது.

"முண்டம். தப்பு இதுல இல்ல."

எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "பின்னே எதுல?" என்று தட்டினார்.

"நீ வெட்டினதுல. கதவோட தகவலை டெலீட் பண்ணிட்டு, மூணாம் மாடியில அதையே திரும்பக் கூப்பிடுற. போனதைக் கூப்பிடலாமா?"

வெட்டிய வரிகள் இவர் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகவே இல்லை.

"அதுக்குப் பொண்டாட்டியோட செல்லப் பேரு வேற. தூ!"

பேர் வைத்தது நிஜம். அது மனைவிக்கே தெரியாது.



"ஃபேனை நிறுத்து."

"எதுக்கு?"

"நீ மூச்சு விடறது கேக்கல."

இவர் அசையவில்லை.

ஃபேன் தானாக நின்றது.

டக்... டக்... டக்...

கீபோர்டு சத்தம். இவர் கைகள் மடியில்.

சத்தம்... மேசைக்கு அடியிலிருந்து.

ஒவ்வொரு 'டக்'குக்கும் திரையில் ஓர் எழுத்து.

எ... ழு... ந்... தி... ரு...

நா... ன்... எ... ழு... து... றே... ன்...

செருப்புகூடப் போடாமல் ஓடிவந்து என் வாசலில்தான் விழுந்தார். தண்ணீர் கொடுத்தேன். பாதி சட்டையில். ஒரு வரியும் திருத்தவில்லையாம், அனுப்பவும் இல்லையாம். "வேலையும் போச்சு, மாமனார் மூஞ்சியில எப்படி முழிப்பேன்" என்று புலம்பும்போதே போன் அடித்தது. மேலதிகாரி. என் காதை நான் சும்மா வைத்திருப்பேனா?

"இப்ப அனுப்பினீங்களே, பிரமாதம்! மூணாம் மாடியைத் தாண்டி ஜம்முனு போகுது. இனிமே உங்க வேலைக்குப் பயமில்ல."

"சார்... நான் அனுப்பல..."

"அடக்கமெல்லாம் அப்புறம். நடுவுல ஒரு இடத்துல என்னை முண்டம்னு எழுதியிருக்கீங்க. அதை மட்டும் எடுத்துடுங்க."

மறுநாள் காலை மன்றத்திலிருந்து மின்னஞ்சல். மனைவியிடம்கூடக் காட்டாமல் நேரே என்னிடம் கொண்டுவந்து நீட்டினார்.

"புதிய உறுப்பினர்களின் கேள்விகளை நாங்கள் படித்துப் பார்த்த பிறகே வெளியிடுவோம். உங்கள் கேள்வியை இப்போதுதான் திறந்தோம். இதுவரை வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை."